கொலுசுக் கறுப்பும் செயற்கை மூளையும்: வெள்ளிக் கம்பிச் சிக்கல் உண்மையிலேயே கற்றுக்கொள்கிறதா?

#1 கேள்விக்குறி

எல்லோருக்கும் வணக்கம். கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்குத் தலைப்புத் தேடியபோது சிட்னி பல்கலைக்கழகத்தின் 2023 ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளி நானோகம்பிகளை ஒரு தகட்டின் மேல் தாறுமாறாகப் பரப்பி, அந்தச் சிக்கலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, கையால் எழுதிய எண்களை அடையாளம் காண வைத்திருக்கிறார்கள். துல்லியம் 93.4 சதவீதம். "மூளையைப் போலவே கற்கும் சிப்" என்று செய்திகள் கொண்டாடுகின்றன.

எனக்கு இரண்டு குழப்பங்கள். யாரும் வடிவமைக்காத ஒரு கம்பிக் குப்பை எப்படிக் கணக்குப் போடும்? அப்படியே போட்டாலும், அங்கே கற்றுக்கொள்வது எது? கம்பியா, பக்கத்தில் இருக்கும் கணினியா? பேராசிரியரிடம் கேட்டேன். "நல்ல தலைப்பு, செய்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

#2 நுண்கம்பி

இரண்டாவது கேள்விதான் சரியான கேள்வி. முதலாவதை முதலில் முடித்துவிடலாம். முனைவர் பட்டத்துக்காக நான்கு வருடம் இந்தக் கம்பிகளோடு மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வீட்டில் பழைய வெள்ளிக் கொலுசு இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதன் மேல் படிந்திருக்கும் கறுப்பு பெரும்பாலும் வெள்ளி சல்ஃபைடு. காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்வதால் வருவது. நாம் அதை விபூதி போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுகிறோம். மைக்கேல் ஃபாரடே 1833 இல் இதே பொருளைச் சூடாக்கிப் பார்த்து, சூடு ஏற ஏற மின்சாரம் நன்றாகப் பாய்கிறது என்று கண்டார். உலோகங்களில் நடப்பதற்கு நேர் எதிர். குறைக்கடத்தி என்ற சொல்லே இல்லாத காலத்தில் அதன் குணத்தை முதலில் பார்த்தவர் அவர்தான்.

இந்தக் கறுப்புக்குள் வெள்ளி அயனிகள் நகரக்கூடியவை. ஜப்பானின் சுகுபாவில் மசாகாசு அவோனோவின் குழுவினர் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒருபக்கம் வெள்ளி சல்ஃபைடு, எதிர்ப்பக்கம் பிளாட்டினம், நடுவில் ஏறத்தாழ 1 நானோமீட்டர் இடைவெளி. சரியான திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் வெள்ளி அணுக்கள் வெளியே முளைத்து வந்து பாலம் கட்டும். திசையை மாற்றினால் பாலம் உள்ளே வாங்கிக்கொள்ளும். இதற்கு அணு சுவிட்ச் என்று பெயர். 2005 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மின்சாரத்தைக் கடத்தும் திறன் படிப்படியாகத் தாவித் தாவி ஏறும். ஓர் அணு அகலப் பாலம் என்றால் மின்தடை சுமார் 12.9 கிலோ ஓம். அந்த எண்ணை நிர்ணயிப்பது பொருளல்ல, குவாண்டம் இயற்பியல்.

இந்த சுவிட்சின் சுவாரசியமான குணம், அதற்குப் பழக்கம் உண்டு என்பது. ஒருமுறை லேசாகத் தட்டினால் பாலம் மெலிதாக உருவாகித் தானே கரைந்துவிடும். அடுத்தடுத்துத் தட்டினால் தடித்து நிலைக்கும். குறுகிய கால நினைவு, நீண்ட கால நினைவு என்று நரம்பியலார் சொல்வதன் சாயல் இதில் தெரிகிறது. அதனால்தான் சினாப்ஸ், அதாவது இரண்டு நரம்பணுக்கள் (நியூரான்கள்) சந்திக்கும் இடம், என்ற பேச்சே வந்தது.

ஒரு சுவிட்ச் இருந்தால் கணக்கு வராது. லட்சக்கணக்கில் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறித்து வைக்காமல், தானாகவே வளரவிட்டால் என்ன என்று அவோனோவோடு சேர்ந்து யோசித்தவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜிம்ஜெவ்ஸ்கி, ஸ்டீக் முதலியோர். பள்ளி ஆய்வுக்கூடத்தில் தாமிரக் கம்பியைச் சில்வர் நைட்ரேட் கரைசலில் போட்டால் வெள்ளி பூத்துத் தொங்குமே, அதே வேதியியல்தான். தாமிர விதைப் புள்ளிகளை வரிசையாக வைத்துக் கரைசலை ஊற்றினால் வெள்ளி பெரணி இலைபோல் கிளைத்து ஒன்றன்மேல் ஒன்று விழும். பிறகு கந்தக ஆவியைக் காட்டினால் கம்பிகள் தொடும் இடமெல்லாம் அணு சுவிட்ச் ஆகிவிடும். ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கோடி அளவில் சந்திப்புகள் கிடைத்தன. யாரும் வரைபடம் போடவில்லை.

சிட்னியில் ஸ்டென்கா குன்சிக்கின் குழு செய்வது இதன் ஒன்றுவிட்ட தம்பி. அங்கே கந்தகம் இல்லை. வெள்ளிக் கம்பிகள் ஒரு பாலிமர் மேலுறையோடு வளர்க்கப்படுகின்றன. இரண்டு கம்பிகள் குறுக்கே விழுந்தால் நடுவில் அந்த மெல்லிய உறை இருக்கும். மின்னழுத்தம் போதுமான அளவு ஏறினால் அதற்குள் வெள்ளி இழை ஓடும். குறுக்கு வெட்டில் ஒரு சுவிட்ச் தயார்.

#3 லாஜிக்கேட்

கொலுசு நன்றாக இருந்தது. நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறேன். சிப் வடிவமைப்பில் பதினைந்து வருட வேலை, அதனால் இயல்பிலேயே சந்தேகப் பிராணி.

93.4 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் கையெழுத்து எண் தொகுப்பு 28க்கு 28 புள்ளிகள் கொண்ட சின்னப் படங்கள். 60,000 பயிற்சிக்கு, 10,000 சோதனைக்கு. யான் லெகூன் குழுவினரின் 1998 கட்டுரையில் லெநெட்-5 என்ற நரம்பு வலை மென்பொருள் இதில் 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு இது பாலர் வகுப்புத் தேர்வு.

அடுத்தது, சிட்னி சோதனை எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். படத்தின் புள்ளிகளை வரிசையாக மின்துடிப்பாக்கி ஒரு மின்முனையில் அனுப்புகிறார்கள். வேறு சில மின்முனைகளில் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். அளந்ததைக் கணினியில் ஒரு நேரியல் வகைப்படுத்திக்குக் கொடுக்கிறார்கள்: ஒவ்வொரு அளவையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி, இது எந்த எண் என்று முடிவு சொல்லும் எளிய நிரல். எடைகள் திருத்தப்படுவது அந்த வகைப்படுத்தியில். அதாவது கேள்விக்குறி கேட்டதற்கு என் பதில்: கற்றது கணினி. கம்பி கலக்கிக் கொடுத்தது, அவ்வளவே. மாவு அரைத்த கிரைண்டருக்குத் தோசை சுட்ட பெருமையைக் கொடுப்பது நியாயமா?

#4 பழைய ரேடியோ

கிரைண்டர் இல்லாமல் தோசை ஏது ஐயா.

#5 நுண்கம்பி

லாஜிக்கேட் சொன்ன சோதனை விவரம் சரி. எண்ணை அவர் ஒப்பிட்ட விதத்தில்தான் எனக்கு வழக்கு. லெநெட்டோடு ஏன் ஒப்பிட வேண்டும்? கம்பி என்ன கூட்டியது என்று தெரிய வேண்டுமானால் கம்பியை எடுத்துவிட்டு, படத்தை நேராக அதே போன்ற நேரியல் வகைப்படுத்திக்குக் கொடுக்க வேண்டும். லெகூனின் அதே 1998 கட்டுரையில் அந்தக் கணக்கும் இருக்கிறது: தவறு 12 சதவீதம், ஆக 88. அங்கிருந்து 93.4. தூரம் பெரிதில்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை.

இதை ரிசர்வாயர் கம்ப்யூட்டிங் என்பார்கள். ஹெர்பர்ட் யேகர் 2001 இலும் வொல்ஃப்காங் மாஸ் குழுவினர் 2002 இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. கேள்விக்குறிக்காகச் சொல்கிறேன்: குளத்தில் ஒரு கல்லை எறிகிறீர்கள், சில நொடி கழித்து இன்னொன்று. அலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கரையில் நான்கு இடத்தில் தக்கை மிதக்கவிட்டு அதன் ஆட்டத்தை மட்டும் பார்த்தால், எந்தக் கல் எப்போது விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். தண்ணீருக்குப் பயிற்சி கிடையாது. தக்கையைப் பார்ப்பவனுக்குத்தான் பயிற்சி. ஆனால் நேரத்தில் முன்பின்னாக நடந்த இரண்டு விஷயங்களை ஒரே கணத்தில் ஒரே இடத்தில் காட்டுகிறதே, அந்த வேலையைச் செய்தது தண்ணீர்.

இது வெறும் உவமையும் அல்ல. 2003 இல் பிரிட்டனில் ஃபெர்னாண்டோ, சோயாக்கா என்ற இருவர் உண்மையாகவே ஒரு வாளித் தண்ணீரை மோட்டாரால் அதிரவைத்து, அலைகளைக் கேமராவில் பிடித்து, பேச்சில் "ஜீரோ" எது "ஒன்" எது என்று பிரித்துக் காட்டினார்கள்.

#6 கேள்விக்குறி

வாளித் தண்ணீரா! அப்படியென்றால் எதற்கு அண்ணா வெள்ளி?

#7 நுண்கம்பி

வாளியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக முடியாது என்பது ஒன்று. தண்ணீர் மறந்துவிடும் என்பது இன்னொன்று. அலை அடங்கியதும் கதை முடிந்தது. வெள்ளிச் சிக்கலில் சில பாலங்கள் கரையும், சில நிற்கும். சிக்கலின் அமைப்பே அதன் வழியாக முன்பு போனதைப் பொறுத்து மாறுகிறது. வயல் வரப்பில் நடந்து நடந்து தடம் விழுவதுபோல. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஜான் போலண்ட் குழு 2018 இல் இதை அழகாகக் காட்டியது: மின்னோட்டத்தை மெல்ல ஏற்றினால் ஆயிரம் வழிகள் இருந்தும் ஒரே ஒரு பாதை மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு கடத்துகிறது. முந்தியவனுக்கே எல்லாம்.

#8 லாஜிக்கேட்

88 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஒப்பீடு நியாயமானது. ஆனால் இதையும் கேளுங்கள். வெள்ளியே வேண்டாம். மென்பொருளில் தற்செயல் எண்களால் ஒரு பெரிய அணியை (மேட்ரிக்ஸ்) நிரப்பி, படத்தை அதால் பெருக்கி, எதிர்மறை வந்தால் பூஜ்யமாக்கி, அதை நேரியல் வகைப்படுத்திக்குக் கொடுங்கள். சில ஆயிரம் அம்சங்கள் இருந்தால் 95ஐத் தாண்டும். நேற்று இரவு மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன், காபி ஆறுவதற்குள் முடிந்தது. தாறுமாறாகக் கலப்பதுதான் வேலை என்றால் கலப்பதற்கு மலிவான வழி ஏற்கெனவே இருக்கிறது.

#9 நுண்கம்பி

அந்தப் பெருக்கலுக்கு உங்கள் மடிக்கணினி எத்தனை முறை நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே ஓடியது? சண்டையே அங்கேதானே. தரவு ஓரிடம், கணக்கு ஓரிடம் என்று பிரித்து வைத்ததால் இன்றைய செயலிகள் கணக்குப் போடுவதைவிட எண்களைச் சுமந்து திரிவதில் அதிகம் செலவழிக்கின்றன. வெள்ளிச் சிக்கலில் நினைவு இருக்கும் இடமும் கலக்கும் இடமும் ஒன்றே. பெருக்கலையும் கூட்டலையும் மின்சுற்றின் அடிப்படை விதிகளான ஓமின் விதியும் கிர்க்காஃபின் விதியும் இலவசமாகச் செய்கின்றன.

#10 லாஜிக்கேட்

"இலவசமாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன். சிக்கல் இழுப்பது மைக்ரோவாட்டாகவே இருக்கட்டும். அதைப் படிக்க அனலாக் டு டிஜிட்டல் மாற்றி வேண்டும். சமிக்ஞையை உயர்த்தும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அப்புறம் அந்த நேரியல் வகைப்படுத்தி ஓடும் கணினி வேண்டும். ஆய்வுக்கட்டுரையின் படத்தில் தகடு மட்டும் தெரியும். அதைச் சுற்றி நிற்கும் ஆள் உயர அளவீட்டு அடுக்கு தெரியாது. மூளை 20 வாட்டில் ஓடுகிறது என்று ஆரம்பித்து இந்தத் தகட்டில் முடிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் அந்த அடுக்கின் மின்கட்டணத்தை மறைக்கிறது.

இதற்கு எதிரில், வடிவமைத்துச் செய்த சிப்பைப் பாருங்கள். ஐபிஎம்மின் ட்ரூநார்த், 2014: பத்து லட்சம் நியூரான், 25.6 கோடி சினாப்ஸ், 540 கோடி டிரான்சிஸ்டர், ஓடும்போது சுமார் 70 மில்லிவாட். இன்டெலின் லோய்ஹி 2017 இல் வந்தது. கார்வர் மீட் எண்பதுகளின் கடைசியில் நியூரோமார்ஃபிக், அதாவது நரம்பு மண்டலத்தைப் பின்பற்றும் சிப், என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது நினைத்ததும் சிலிக்கானில் வடிவமைத்துச் செய்வதைத்தான். ஒவ்வொரு சிப்பும் ஒன்றுபோல் இருக்கும். ஒன்றில் பயிற்றுவித்ததை ஆயிரத்தில் ஏற்றலாம். உங்கள் சிக்கலில் அது முடியுமா?

#11 நுண்கம்பி

முடியாது. இதில் நான் வாதாடப் போவதில்லை, பட்ட அனுபவம் அப்படி.

என் இரண்டாம் வருடத்தில் ஒரு தகடு அருமையாக அமைந்தது. பதினாறு மின்முனை, அலைவடிவத்தை மாற்றும் சோதனையில் நன்றாகத் தேறியது. சைன் அலையைக் கொடுத்துச் சதுர அலையாகவும் ரம்ப அலையாகவும் வரவழைப்பது, இந்தத் துறையின் அரிச்சுவடிச் சோதனை. செவ்வாய்க்கிழமை முடிவுகளை வழிகாட்டிக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்த்தபோது அதே தகடு வேறு ஆளாக இருந்தது. மூன்று நாளில் மழை, ஆய்வகத்தில் குளிர்சாதனம் பாதி வேலை செய்யவில்லை, ஈரப்பதம் ஏறியிருந்தது. ஈரம் பாலிமர் உறைக்குள் போனால் அயனிகள் ஓடும் வேகமே மாறிவிடும். பிறகு அதிக மின்னோட்டம் போன பாதையில் கம்பி சூடாகி உருகி, நுண்ணோக்கியில் பார்த்தால் முத்து முத்தாக அறுந்து கிடந்தது.

அடுத்த தகட்டைச் செய்தோம். அதே கரைசல், அதே செறிவு, அதே அளவு சொட்டு. சொட்டின் விளிம்பில் கம்பிகள் காபிக் கறைபோல் வளையமாகக் கூடிவிட்டன. அதனால் நடுவில் அடர்த்தி குறைவு. கற்றுக்கொண்ட எடைகளை அதில் ஏற்றினால் குப்பை. ஒவ்வொரு தகட்டுக்கும் முதலிலிருந்து பயிற்சி. எங்கள் குழுவில் தகடுகளுக்குப் பெயரே வைத்திருந்தோம். கோபக்காரன் என்று ஒன்று இருந்தது, மின்னழுத்தம் 2 வோல்ட்டைத் தாண்டினால் பாதை மாற்றிவிடும்.

#12 பழைய ரேடியோ

நான் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவன், ஹாம் ரேடியோ பைத்தியம். நீங்கள் பேசுவதைப் படிக்கப் படிக்க எனக்குக் கோஹிரர் நினைவு வருகிறது. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு பக்கமும் உலோக அடைப்பு. நடுவில் இரும்புத் தூளோ நிக்கல் தூளோ தளர்வாக. மின்தடை மிக அதிகம். பக்கத்தில் எங்கேயாவது மின்பொறி பறந்தால், அந்த அலை பட்டதும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கிவிடும். பொறி நின்றாலும் கடத்திக்கொண்டே இருக்கும். குழாயை ஒரு தட்டுத் தட்டினால் பழைய நிலைக்கு வரும். பிரான்சில் எட்வார்ட் பிரான்லி 1890 இல் இதைக் காட்டினார். ஆலிவர் லாட்ஜ் கோஹிரர் என்று பெயர் வைத்தார். மார்க்கோனியின் முதல் வாங்கிகளில் இதுதான் காது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதன் பல வகைகளைச் செய்து பார்த்தவர். பாதரசமும் இரும்பும் தொடும் இடத்தை வைத்து அவர் செய்தது, தட்டாமலே தானாக மீண்டுவிடும்.

தானாகக் குவிந்த உலோகத் துகள்கள், மெல்லிய ஆக்சைடு தோல், மின்னழுத்தத்தால் உடைந்து ஒட்டுவது, முன்பு நடந்ததை நினைவில் வைப்பது. நீங்கள் நானோ என்று சொல்வதைத் தவிர வித்தியாசம் என்ன தம்பி?

#13 நுண்கம்பி

ஐயா, சங்கடமான உண்மை. வித்தியாசம் அதிகமில்லை. கோஹிரர் என்பது மெமரிஸ்டரின், அதாவது முன்பு பாய்ந்த மின்சாரத்தை நினைவில் வைத்துத் தன் மின்தடையை மாற்றிக்கொள்ளும் உறுப்பின், தாத்தா என்று துறையிலேயே சிலர் எழுதியிருக்கிறார்கள். லியோன் சுவா 1971 இல் காகிதத்தில் கணித்த மெமரிஸ்டரை 2008 இல் ஹியூலெட் பேக்கர்டில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு டைட்டானியம் ஆக்சைடில் கண்டதாக அறிவித்தபோது, "இது நமக்குப் புதிதா?" என்று கேட்டவர்களும் உண்டு. போஸ் செய்த தானாக மீளும் வகையும் எங்கள் குறுகிய கால நினைவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

நாங்கள் கூட்டியது, ஒரு குழாய்க்குப் பதிலாகப் பல மின்முனை. ஒரே தூள்குவியலை ஒரே நேரத்தில் பல இடத்திலிருந்து கேட்பது.

#14 சுடர்

உடலியல் பாடம் நடத்துகிறேன். "மூளையைப் போல" என்பதற்கு என் பங்குக்கு ஒரு முறைப்பு. சினாப்ஸ் என்பது இரண்டு கம்பி தொடும் இடம் மட்டுமல்ல. அதற்குத் திசை உண்டு. கிளர்த்துவது உண்டு, அடக்குவது உண்டு. டோபமின் போன்ற மூளை வேதிப்பொருள்கள் வந்து மொத்த வட்டாரத்தின் மனநிலையையே மாற்றும். வெள்ளி இழைக்கு அடக்கும் சினாப்ஸ் எங்கே?

ஆனால் ஒரு விஷயம் என்னைத் தொட்டது. பெக்ஸ், பிளென்ஸ் இருவரும் 2003 இல் எலி மூளைப் புறணியின் துண்டுகளில் நரம்புச் சரிவுகள் என்று ஒன்றைக் கண்டார்கள். ஒரு நியூரான் துடிக்கிறது, அது இரண்டைத் தூண்டுகிறது, சில நேரம் அங்கேயே அடங்குகிறது, சில நேரம் முழு வலையும் எழுகிறது. சிறியது அடிக்கடி, பெரியது எப்போதாவது, அந்த விகிதம் ஒரு குறிப்பிட்ட கணித வளைவில் விழுகிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் சைமன் பிரவுன் குழு வெள்ளி கூட இல்லை, வெறும் தகர நானோதுகள்களைத் தூவினார்கள். மின்சாரம் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போகலாமா வேண்டாமா என்ற விளிம்புக்கு வந்ததும் தூவுவதை நிறுத்திவிட்டார்கள். அதில் பாலங்கள் கட்டுவதும் அறுவதும் அதே வகைச் சரிவுகளாக வந்தன. 2019 இல் வெளியான வேலை. ஒரு தகரத் தூவலும் எலி மூளைத் துண்டும் ஒரே தாளத்தில் துடிப்பது எனக்குக் கொஞ்சம் சிலிர்ப்பாகத்தான் இருந்தது.

#15 லாஜிக்கேட்

மணல்மேடு சரிவதும் அதே வளைவு, நிலநடுக்கமும் அதே வளைவு. மணல்மேடு யோசிக்கிறதா டீச்சர்?

#16 சுடர்

யோசிக்கவில்லை. ஆனால் மணல்மேட்டுக்குள் ஒரு செய்தியை அனுப்பினால் அந்த விளிம்பில் இருக்கும்போது அது தொலைதூரம் போகும். கட்டி தட்டிப்போனால் அசையாது, குழம்பாகிவிட்டால் அடையாளமே இருக்காது. சிட்னி குழுவின் 2021 வேலை அதைத்தான் சொல்கிறது: எளிய பணிக்கு எந்த நிலையிலும் சிக்கல் ஒப்பேற்றிவிடும், கடினமான பணிக்கு ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடுவிலான விளிம்பில் நன்றாகச் செய்கிறது. நான் பொருளை மூளை என்று சொல்லவில்லை. ஒரே இயற்பியல் இரண்டு இடத்திலும் பயன்படுகிறது என்கிறேன்.

#17 ஏட்டுச்சுரை

இடையில் ஒரு பழங்கதை. இந்த யோசனைக்கு வயது அதிகம். கணினி அறிவியலின் முன்னோடி ஆலன் டூரிங் 1948 இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் இருந்த தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். லாஜிக் கேட் போன்ற எளிய உறுப்புகளைத் தாறுமாறாக இணைத்துவிட்டு, பிறகு பழக்கத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்று அதில் சொல்கிறார். ஒழுங்குபடாத இயந்திரங்கள் என்று அவரே பெயரிட்டார். ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தவர் பரிணாமக் கொள்கை டார்வினின் பேரன். அவருக்கு அது பள்ளிக்கூடப் பையன் எழுதிய கட்டுரையாகத் தெரிந்ததாம். டூரிங் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை.

அதே டெடிங்டனில் பத்து வருடம் கழித்து, 1958 கருத்தரங்கில், கார்டன் பாஸ்க் இன்னும் விசித்திரமான ஒன்றோடு வந்தார். இரும்பு சல்ஃபேட் கரைசலில் மின்முனைகளை வைத்து இரும்பு நூல்களை வளரவிட்டார். விரும்பியபடி வளர்ந்தால் கூடுதல் மின்னோட்டம் பரிசு. அந்த நூல்கள் ஒலியை உணரும்படி வளர்ந்தன. இரண்டு வெவ்வேறு அதிர்வெண்களைப் பிரித்தறியும் அளவுக்கு! காது எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் குழு 2012 இல் தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே டூரிங்கின் இயந்திர வகையைக் குறிப்பிட்டிருக்கிறது, மரியாதை தெரிந்தவர்கள்.

லாஜிக்கேட் அவர்களே, பாஸ்க்கின் நூலில் வெளியே எந்த வகைப்படுத்தியும் கிடையாது. அங்கே கற்றது யார்?

#18 லாஜிக்கேட்

இது நல்ல அடி. பாஸ்க் கதை எனக்குத் தெரியாது. அங்கே கற்றது நூல்தான், ஒப்புக்கொள்கிறேன். பரிசு கொடுத்தவர் வெளியே இருந்தாலும் மாற்றம் பொருளில் நடந்திருக்கிறது.

அதே அளவுகோலை வெள்ளிக்கும் வைப்போம். பரிசும் தண்டனையும் சிக்கலுக்குள் போய், சிக்கல் மாறி, அதனால் விடை சரியானதா? அப்படி யாராவது செய்திருந்தால் என் கிரைண்டர் உவமையைத் திரும்பப் பெறுகிறேன்.

#19 நுண்கம்பி

செய்திருக்கிறார்கள். அதே சிட்னி குழுவில் அலோன் லோஃப்லர் முதலியோர், 2023, 'சயின்ஸ் அட்வான்சஸ்'. எண் படத்துக்குக் கிடைத்த விளம்பரம் இதற்குக் கிடைக்கவில்லை. சரியான மின்முனைக்குப் போகும் பாதையைப் பலப்படுத்தி, தவறான பாதையைத் தளர்த்தி, சிக்கலையே பழக்கினார்கள். பிறகு மனிதர்களின் நினைவைச் சோதிக்க உளவியலார் வைக்கும் ஒரு விளையாட்டை வைத்தார்கள்: இப்போது காட்டிய படம் இத்தனை படத்துக்கு முன் வந்ததா என்று கேட்பார்களே, அது. சிக்கல் ஏழு படி பின்னோக்கி நினைவு வைத்திருந்தது. மனிதர்களுக்கும் கிட்டத்தட்ட அங்கேதான் மூச்சு வாங்கும் என்பார்கள். அதைத் தற்செயல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் முறைப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

#20 லாஜிக்கேட்

சரி. கிரைண்டர் வாபஸ். ஆனால் எண் படச் சோதனைக்கு மட்டும் அது நிற்கும்.

#21 கேள்விக்குறி

படித்துக்கொண்டே குறிப்பெடுக்கிறேன், நன்றி. இந்தியாவில் யாராவது செய்கிறார்களா? பெங்களூரில் 14 பிட் மூளைச் சிப் என்று ஒரு செய்தி பார்த்தேன்.

#22 நுண்கம்பி

அது இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு, 2024 'நேச்சர்'. ருத்தேனியம் சேர்ந்த ஒரு மூலக்கூறுப் படலத்தில் சுமார் 16,500 மின்கடத்து நிலைகளைப் பிரித்துக் காட்டினார்கள். பிரமாதமான வேலை. ஆனால் உங்கள் தலைப்பில் சேர்க்காதீர்கள். அது கம்பிகளை நெடுக்கும் குறுக்குமாக வரிசையாகப் போட்ட, ஒழுங்கான குறுக்குச் சட்டக அமைப்பு. தாறுமாறான வலையின் எதிர்முனை என்றே சொல்லலாம். லாஜிக்கேட்டுக்குப் பிடிக்கும்.

தலைப்புக்கு நெருக்கமானது அதே ஊரில் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தில் ஜி. யு. குல்கர்னி குழு சில ஆண்டுகளுக்கு முன் செய்தது. மெல்லிய வெள்ளிப் படலத்தைச் சூடாக்கினால் தாமரை இலைத் தண்ணீர்போல் அது தீவு தீவாகப் பிரியும். தீவுகளுக்கு நடுவிலான இடைவெளியில் சின்னத் துகள்கள். மின்துடிப்பால் அந்த இடைவெளியில் பாலம் கட்டி, மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கியதால் மணி கேட்டாலே எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் கதையை அந்தப் படலத்தில் நடத்திக் காட்டினார்கள். மணிக்கு எச்சில் ஊறும் வெள்ளி.

இத்தாலியின் டூரினில் மிலானோ, ரிச்சியார்டி குழுவின் 2022 வேலையையும் பாருங்கள். லாஜிக்கேட் கேட்ட "வெளியே இருக்கும் கணினி" பிரச்சினையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிக்கல் வெள்ளிக் கம்பி, அதைப் படிக்கும் அடுக்கும் மெமரிஸ்டர் வரிசை. அளவீட்டு அடுக்கு இன்னும் மேசையில்தான் நிற்கிறது, ஆனால் திசை சரி.

#23 லாஜிக்கேட்

எனக்கு இது எங்கே உதவும் என்று தோன்றுகிறது, அதையும் எழுதிவிடுகிறேன், வெறும் வில்லனாகப் போக விருப்பமில்லை. படம் பார்க்க வேண்டாம். பம்பு செட் மோட்டாரின் அதிர்வு, இதயத் துடிப்பு, காற்றாலை பேரிங்கின் இரைச்சல் என்று நேரத்தோடு ஓடிவரும் சமிக்ஞைகள். வந்ததை எல்லாம் சேமித்து வைக்க இடமில்லாத, மேகக் கணினிக்கு அனுப்ப மின்கலம் இல்லாத இடங்கள். அந்த ஒரு மோட்டாரோடே வாழ்ந்து, அதன் குணத்துக்கே பழகிவிடும் தகடு. அப்போது ஒன்றைப்போல் ஒன்று இல்லாதது குறையே இல்லை, எந்த மோட்டாரும் இன்னொன்றைப்போல் இல்லை. ஆனால் மூன்று நாள் மழையில் குணம் மாறக்கூடாது. அதைத் தீர்க்காமல் என்னிடம் வராதீர்கள்.

#24 கேள்விக்குறி

வீட்டில் செய்து பார்க்க வழியுண்டா? சில்வர் நைட்ரேட் கடையில் கிடைக்கும் என்றார்கள்.

#25 நுண்கம்பி

வேண்டாம். தோலில் பட்டால் கறுப்புக் கறை நாள்கணக்கில் போகாது, கண்ணில் பட்டால் விளையாட்டு இல்லை. நானோகம்பிகளை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. செமினாருக்கு சிமுலேஷன் போதும். கோடுகளைத் தாறுமாறாகப் போட்டு, வெட்டும் இடமெல்லாம் ஒரு மெமரிஸ்டர் என்று வைத்து, கிர்க்காஃப் சமன்பாட்டைத் தீர்த்தால் பைத்தானில் இருநூறு வரிக்குள் வந்துவிடும். நூறு கம்பியில் தொடங்குங்கள்.

#26 பழைய ரேடியோ

தம்பிக்கு என்னிடம் வேறு வழி இருக்கிறது. ஞாயிறு மதியம் சும்மா இருக்க முடியாமல் செய்து பார்த்தேன். பேனாவின் வெற்றுக் குழாய், இரண்டு பக்கமும் போல்ட், நடுவில் பழைய இரும்புச் சாவியை அரத்தால் தேய்த்த தூள். மல்டிமீட்டர் திறந்த சுற்று என்றது. ஒரு முழத் தொலைவில் கேஸ் லைட்டரை ஒரு கிளிக். மீட்டர் 340 ஓம். பென்சிலால் தட்டினேன், மறுபடி திறந்தது. அடுத்த கிளிக்குக்கு 1,200. அதற்கடுத்து 85. இருபது முறை எழுதி வைத்தேன், ஒரு எண் கூட இரண்டாவது முறை வரவில்லை. மனைவி வந்து அடுப்பு பற்றவைக்க லைட்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் சமையலறையில் கிளிக் செய்ததும் மேசையில் மீட்டர் 610 காட்டியது.

#27 நுண்கம்பி

ஐயா, அந்த இருபது எண்களையும் வரிசை மாற்றாமல் இங்கே போடுங்கள். தட்டிய பிறகும் தூள் எதையாவது மிச்சம் வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

#28 பழைய ரேடியோ

போடுகிறேன். நோட்டு மாடியில் இருக்கிறது. லைட்டரும் திரும்பி வரட்டும், நூறாக்கித் தருகிறேன்.